மருதமரத்தடியில் எடுத்த அளவு

எங்கள் குளத்தின் நீர்மட்டத்தை நான் வெள்ளிக்கிழமைகளில் எழுதுவேன். ஜும்ஆ முடிந்து, பகல் சாப்பாட்டுக்கு முன், சைக்கிளில் அணைக்கட்டுக்குப் போய் அளந்துவிட்டு வருவேன். ஆங்கிலத் திகதி, பிறை, தமிழ் மாதம் மூன்றையும் ஒரே வரியில் எழுதி, பக்கத்தில் அளவைக் குறிப்பேன். தபால் கந்தோரில் முப்பது வருடம் திகதி முத்திரை குத்திய கைக்கு நாள் எழுதாமல் எதுவும் செய்ய வராது. பழைய நீர்ப்பாசன அறிக்கைகளை நூலகங்களில் தேடி வாசித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்ல முடியும்: உடைந்த குளங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள், உடையாமல் நிற்பவற்றைப் பற்றி ஒரு வரிகூடக் கிடைப்பது அரிது. அந்தக் குறையை எங்கள் குளத்துக்கு நான் வைக்கவில்லை.

பெரிய குளம் அல்ல. கல்முனைக்கு மேற்கே, வயல்கள் தொடங்கும் இடத்தில், ஏழு தெருக்களின் குடிநீருக்காகக் கட்டியது. களிமண்ணைப் படைபடையாகக் கொட்டி, உருளையால் இறுக்கி, மேலே கிரவல் என்ற சரளை மண் போட்ட அணை. கட்டிய நாட்களில் தினமும் போய் நின்று பார்த்திருக்கிறேன். அணையின் நடுப்பகுதியில், தண்ணீர் திறந்துவிடும் துருசுக்குப் பக்கத்தில், ஒரு மருதமரம் நிற்கிறது. அதன் கீழ்தான் என் அளவு. நீர் மேற்பரப்பிலிருந்து அணையின் உச்சி வரை எத்தனை முழம் மிச்சம் என்று பார்ப்பேன்.

நான் சொல்லப்போகும் மழைக்கு முந்திய கோடை கடுமையாக இருந்தது. குழாயில் காற்றுத்தான் வந்தது. தண்ணீர் ஏற்றிவரும் பவுசர் வண்டிக்குப் பின்னால் கேன்களோடு ஊர் ஓடியது. தண்ணீர்ச் சங்கத் தலைவர் என் மனைவியின் தமையன், எனக்கு மச்சான். அந்தக் கோடையில் அவர் பள்ளிவாசலுக்குப் பின்கதவால் போய் வந்தார். சங்கக் கூட்டத்தில் எழுந்து, "வாற கோடைக்கு ஒரு பவுசரும் இந்தத் தெருவுக்குள்ள வராது, இது என்ட வாக்கு" என்று சொல்லிவிட்டார்.

வாக்கைக் காப்பாற்ற அவர் கண்ட வழி புதிதல்ல. குளம் நிரம்பியபின் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் சீமெந்துத் திட்டை நாங்கள் வான் என்போம். சம்மாந்துறைப் பக்கத்து வயற்காரர் மழைக்காலக் கடைசியில் வானின் மேல் மண்மூடை அடுக்கி, வீணாக ஓடும் தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாகத் தேக்குவார்கள். எங்கள் சங்கத்தில் பாதிப்பேர் வயற்காரர். ஆகவே குடிநீர்க் குளத்திலும் அதே வேலை. மூன்று வரி மூடை, மொத்தம் ஒரு முழ உயரம். ஆபத்தில்லையா என்று சிலர் கேட்டபோது மச்சான் என்னிடம் வந்தார். நான் கொப்பியைத் திறந்து பார்த்து, மூடையின் விளிம்பு வரை தண்ணீர் நின்றாலும் அணையின் உச்சிக்கு இரண்டு முழம் மிச்சமிருக்கும் என்று எழுதிக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தேன். அது பள்ளிவாசல் பலகையில் ஒட்டப்பட்டது.

மார்கழி மழை இடைவிட்ட ஒரு வெள்ளிக்கிழமை, மூடையின் மேல்வரி விளிம்பைத் தண்ணீர் தொட்டிருந்தது. மரத்தடியில் அளந்துகொண்டிருந்தேன். சவளக்கடைப் பக்கமிருந்து எருமைகளை ஓட்டிவந்து மேய்க்கும் தயிர்க்காரப் பெண் அணை வழியாக வந்தார். வாரம் ஒரு சட்டித் தயிர் அவரிடம்தான் வாங்குவோம்; என்னை அண்ணன் முறையில் காக்கா என்பார்.

"காக்கா, எப்ப பாத்தாலும் இந்த மரத்தடியிலதான் நிக்கிறயள். வெயில் சுடுமோ?"

"அளவு ஒரே இடத்தில எடுக்கணும் தங்கச்சி. இல்லாட்டிக் கணக்குப் பிழைச்சிரும்."

"கணக்குச் சரியாத்தான் இரிக்கும். என்ட எருமையள் ஏறி இறங்குற இடத்த எப்பவாவது பாத்தீங்களா? முந்தி கண்டுகளப் பின்னால நிண்டு தள்ளி ஏத்தணும். இப்ப அதுகள் நித்திரையிலயும் ஏறிப் போகுதுகள்."

சிரித்துவிட்டு வந்தேன். சாப்பிட உட்கார்ந்தபோது அவர் சொன்னது நினைவுக்கு வந்து, கொப்பியைப் புரட்டினேன். கொப்பியில் எத்தனையோ வெள்ளிக்கிழமைகள் இருந்தன. அத்தனையும் ஒரே மரத்தடி. கை கழுவிக்கொண்டு, எங்கள் தெரு மேசனை அழைத்துப் போனேன். சுவர் மட்டம் பார்க்க அவர் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாயின் ஒரு முனையை மரத்தடியில் பிடித்து, மூன்று தடவை மாற்றி மாற்றி வைத்து, எருமை ஏறும் இடத்துக்குக் கொண்டுபோனோம். பார்வைக்கு அணை நேராகத்தான் தெரிந்தது. குழாய் வேறு கதை சொன்னது. அந்த இடம் மரத்தடியைவிட ஒன்றரை முழமும் நாலு விரலும் தாழ்வு. மண் தானாக இறங்கியது பாதி, குளம்புகள் மிதித்தது பாதி. தண்ணீருக்கும் அணை உச்சிக்கும் இடையில் அங்கே மிஞ்சியிருந்தது ஒரு சாண்கூட இல்லை. அடுத்த மழையில் தண்ணீர் அணைமேல் ஏறினால் மண்ணை அரித்துக்கொண்டு போகும். பிறகு கோடைக்கு மட்டுமல்ல, எக்காலத்துக்கும் குளம் இல்லை.

அங்கிருந்தே மச்சான் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் பிளேன்டிக் கோப்பையோடு நின்றார்.

"மச்சான், மூடையெல்லாம் எடுக்கணும். இண்டைக்கே."

"என்னத்துக்கு? ரெண்டு முழம் இரிக்கி எண்டு நீங்கதானே எழுதித் தந்த?"

"மருதமரத்தடியில ரெண்டு முழம். எருமை ஏறுற இடத்தில ஒரு சாணும் இல்ல."

அவர் கோப்பையைத் திட்டில் வைத்தார். "அப்ப இவ்வளவு காலமும் என்னத்த அளந்த நீங்க? நிழலையா?"

கோப்பையை மறுபடி எடுத்துக்கொண்டு கேட்டார்: "அந்த இடத்தில நாலு ட்ரக்டர் கிரவல் கொட்டினாச் சரி வராதா?"

"ஈரத்தில கொட்டின மண் கட்டோட ஒட்டாது. கட்டுற நேரம் ஒவ்வொரு படையா உருட்டினதப் பாத்த நீங்கதானே. வெயில் வரட்டும், அப்ப செய்யலாம்."

"மூடைய எடுத்தா ஒரு முழத் தண்ணி போயிரும். கோடையில என்ட மூஞ்சில ஊர் துப்பும். தெரியும்தானே?"

"ஓம், தெரியும்."

அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் அவர் விசயத்தைச் சொன்னார். பலகையில் ஒட்டியிருந்த என் தாளை நானே கிழித்து எடுத்து, பிழை தலைவருடையது அல்ல, அளவு எடுத்த என்னுடையது என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "நல்ல காலம், பிறை பாக்கிற வேல இவருக்கிட்டக் குடுக்கல்ல!" எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே மண்வெட்டியும் எடுத்தார்கள். வானில் முதல் மூடையை மச்சான் தன் கையாலேயே இழுத்துப் போட்டார். பொழுது சாயும் மஃரிபுக்குள் மூன்று வரியும் காலி. தேக்கி வைத்த தண்ணீர் ஓடையில் விழுந்து ஓடியதை அவர் பார்க்கவில்லை. முதுகைக் காட்டி நின்று, நனைந்த இடுப்புச் சாரனைப் பிழிந்தார்.

ஞாயிறு பகல் தொடங்கிய மழை செவ்வாய் வரை விடவில்லை. வானின் மேலால் தண்ணீர் ஒரு முழ உயரத்துக்குப் பாய்ந்தது. குடையோடு எருமை ஏறும் இடத்தில் நின்றேன். அங்கே ஒரு சாணுக்கு நாலு விரல் குறைவாகத்தான் அணை மிஞ்சியது. மூடைகள் இருந்திருந்தால் தண்ணீர் இன்னும் ஒரு முழம் உயர்ந்து அணைக்கு மேலால் போயிருக்கும். இதை நான் ஊகமாக எழுதவில்லை, அளந்து எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு அந்தப் பருவத்தில் நல்ல மழை இல்லை. குளம் வான்மட்டத்துக்குக் கீழேயே நின்றது. கோடையில் மண் காய்ந்ததும் பதிந்த இடத்தைக் கொத்தி, களி போட்டு, படைபடையாக உருட்டி உயர்த்தினோம். எருமைகளுக்குத் தள்ளி ஒரு சரிவும் அமைத்தோம். நான் இப்போது அணையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை நடந்து, பதினொரு இடத்தில் அளக்கிறேன். பகல் சாப்பாடு பிந்துகிறது, அவ்வளவுதான்.

ஆவணிக் கடைசியில் குழாய் மெலிந்தது. புரட்டாதி பிறந்த கையோடு பவுசர் தெருவுக்குள் வந்தது. மச்சான் இம்முறை பின்கதவைத் தேடவில்லை. இரண்டு கேன்களைத் தூக்கிக்கொண்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றார். முன்வீட்டுப் பெண்மணி, தெருவுக்கே மூத்த ராத்தா, விடவில்லை.

"என்ன தலைவர், ஒரு பவுசரும் வராதெண்டு சொன்ன வாய் எங்க?"

"வாய் இஞ்சதான் ராத்தா இரிக்கி," என்றார் மச்சான், கேனைக் குழாய்க்கு நேரே வைத்தபடி. "குளமும் அங்கதான் இரிக்கி. போய்ப் பாத்திட்டு வாங்க."