உளவாளியின் தொண்டை

ஸ்டுடியோவில் அவரை எல்லோரும் ஏஜெண்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். வருஷக்கணக்காக வந்துகொண்டிருக்கும் அந்த வெளிநாட்டு உளவாளிப் படங்களில், கதாநாயகன் வாயசைக்கும்போதெல்லாம் நம் மொழியில் பேசியது இவர்தான். நடிகர்கள் மாறினார்கள், குரல் மாறவில்லை. அதனால் படம் ஓடுவதே தன் தொண்டையால்தான் என்று முடிவுகட்டியிருந்தார் மனிதர். உலகத்தை அத்தனை தடவை காப்பாற்றியவர் வீட்டில் ஒழுகும் குழாயை ஒருநாளும் நிறுத்தியதில்லை.

போன படத்தின் முடிவில் உளவாளி குண்டு வெடித்துச் செத்துப்போனான். இனி கதை எப்படிப் போகும் என்று கேன்டீனில் ஆளுக்கொரு ஜோசியம். அவனுடைய சின்ன வயதுக் கதையை எடுப்பார்கள் என்றார் எடிட்டர்.

"மீசை முளைக்காத பய ஊரைக் காப்பாத்துவானா? அவனைத் தூங்க வைக்கவே நேரம் சரியா இருக்கும்" என்றார் ஏஜெண்ட்.

இந்தத் தடவை ஒரு பெண்ணைப் போட்டாலும் போடுவார்கள் என்று சவுண்ட் என்ஜினியர் சொன்னாள். ஏஜெண்டின் வாயிலிருந்த டீ மேசையெல்லாம் தெறித்தது.

"பொம்பளையா? துப்பாக்கியைப் பார்த்ததும் ஐயோன்னு கத்துவா. அதைத்தான் எங்க வீட்டம்மா இத்தனை வருஷமா பண்றாளே!"

அவர் மனைவியும் டப்பிங் பேசுகிறவள். இதே படங்களில் இடைவேளைக்குள் செத்துப்போகும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் அலறுவாள். "கரப்பான்பூச்சியைப் பார்த்தா எல்லாரும்தான் அலறுவாங்க, இதெல்லாம் ஒரு வேலையா?" என்று விருந்தாளிகள் முன்னாலேயே கேட்பார். அவள் உதட்டைச் சுளிப்பாள். அதைச் சிரிப்பு என்று இவர் எடுத்துக்கொள்வார்.

வாய்தான் இப்படி. உள்ளுக்குள் உதறல். நடிகனோடு குரலையும் மாற்றிவிட்டால்? அந்தக் குரல் இல்லாவிட்டால் தன்னை ஒரு நாய்கூடச் சீந்தாது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். கடைசியில் ஸ்டுடியோவிலிருந்து அழைப்பு வந்தபோது, புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார்.

டப்பிங்கில் அவரவர் தனித்தனியாக வந்து பேசிவிட்டுப் போவார்கள். கதையை யாரிடமும் சொல்வதில்லை என்று கையெழுத்தும் போட்டுக் கொடுக்க வேண்டும். கட்டிய புருஷனும் அந்த 'யாரிடமும்' கணக்கில் அடக்கம்.

ஏஜெண்ட் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தொண்டையைச் செருமினார். திரையில் ஒரு வழுக்கைத் தலையன் மொட்டைமாடி விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான்.

"யாரும்மா இவன்? ஹீரோ எங்க?" என்று சவுண்ட் என்ஜினியரிடம் கேட்டார்.

"வில்லன் சார். உங்களுக்கு இவர்தான். எதிர் டயலாக் போடறேன், கேட்டுட்டுப் பேசுங்க."

உளவாளி திரைக்குள் வந்தாள். ஆமாம், வந்தாள். "உன் காலம் முடிஞ்சுபோச்சு" என்றது ஹெட்போன், நிதானமாக. தினமும் காலையில் காபி வேண்டுமா என்று கேட்கும் குரல் அது. ஏஜெண்டுக்கு அவமானமாக இருந்தது. அதைவிடக் கொடுமை, அவள் பிரமாதமாகப் பேசியிருந்தாள்.

அவருக்கு இருந்தது ஒரே வசனம்: ஐயோ.

கத்தினார். கீழே விழுகிறவன் அலறுவது போல இல்லை, வேலைக்காரனை அதட்டுவது போல இருந்தது. மறுபடி கத்தினார். வழுக்கைத் தலையன் விழுந்து விழுந்து திரும்பவும் மேலே வந்து தொங்கினான். தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம்.

சவுண்ட் என்ஜினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மைக்கை அழுத்தினாள். அவள் கேலி செய்யவில்லை, நிஜமாகவே உதவத்தான் பார்த்தாள்.

"இன்னிக்குப் போதும் சார். வீட்டுல அக்காகிட்ட எப்படின்னு கேட்டுட்டு நாளைக்கு வாங்க."