கல் வைத்துப் பார்க்காத ஜெபம்

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், தராசு பழுது பார்ப்பவர். சந்தேகப் பேர்வழி. "சரியாத்தான் இருக்குண்ணே, சீட்டு மட்டும் எழுதிக் குடுங்க" என்று கடைக்காரர்கள் கெஞ்சினாலும், "கல்லு வச்சுப் பாத்துட்டு எழுதறேன்" என்பார். ஐந்து கிலோ எடைக்கல்லைத் தட்டின் நான்கு மூலையிலும் நகர்த்திப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுப்பார். அக்கா சமையலில் போடும் உப்பைக்கூட ஒருநாள் நிறுத்துப் பார்க்கப்போகிறார் என்று நான் கேலி செய்வேன்.

அப்படிப்பட்டவரைக் கவிழ்த்தவன் நான்.

சர்ச்சில் ஞாயிறுதோறும் ஜெப விண்ணப்பங்களை வாசிப்பது அத்தான்தான். ஒரு சனிக்கிழமை என் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. குடிநீர்த் தொட்டியில் பிள்ளை பிறக்காமல் போக மருந்து கலக்கிறார்களாம், இது கடைசிக் கால அடையாளமாம். யார் எழுதியது என்று இன்றுவரை தெரியாது. எனக்குப் பயத்தைவிடப் பெருமைதான் அதிகம் வந்தது, ஊருக்கு முன்னால் நமக்குத் தெரிந்துவிட்டதே என்று. "இதையும் சேத்து வாசிச்சிருங்க அத்தான், ஜெபம்தானே" என்று அனுப்பினேன்.

ஜெபம் என்றதும் அத்தான் கல்லைத் தேடவில்லை. வாசித்தார். எல்லோரும் ஆமென் சொன்னோம். தொட்டியில் குளோரின் கலக்கும் ஊழியர் மூன்றாவது பெஞ்சில் இருந்தார். அவர் வாய் மட்டும் அசையவில்லை.

அந்த வாரமே பல வீடுகள் பழைய கிணற்றுக்கு மாறின. அந்தத் தண்ணீரைக் குடித்து, எங்கள் சர்ச்சுக்கு வரும் தையல்காரம்மாவின் மூன்று வயது மகள் வயிற்றுப்போக்கில் சுருண்டு, ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். மூன்றாவது பெஞ்சு காலியானது.

அத்தான் என்னையும் கூட்டிக்கொண்டு அந்த ஊழியர் வீட்டுக்குப் போனார். "தொட்டி சர்ச்சுக்கு எதிர்லதானேண்ணே இருக்கு? ஒரு வார்த்த கேட்டிருந்தா மேல கூட்டிட்டுப் போய்க் காட்டியிருப்பேனே" என்றார் அவர். வீடு திரும்பியதும், யானைக்கும் அடி சறுக்கும் என்று அக்கா அத்தானுக்குச் சமாதானம் சொன்னாள். சறுக்கவில்லை, நான் தள்ளிவிட்டேன். அதை அவளிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அடுத்த ஞாயிறு அத்தான் எழுந்து நின்றார். "நான் பொய்ச்சாட்சி சொல்லிட்டேன். கடவுள் பேரச் சொல்லி வந்துச்சு, அதனால பாக்க வேணாம்னு நெனச்சேன். அவர் பேர் இருந்ததாலதான் ரெண்டு தடவ பாத்திருக்கணும்."

"உங்களுக்கு இத யாரு சொன்னது?" தையல்காரம்மா கேட்டார்.

நான் முதல் பெஞ்சில், அத்தானுக்கு நேர் எதிரில் இருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"வாசிச்சது நான்தாம்மா. என்னை மன்னிச்சிருங்க."

அன்றைய ஜெபத்தின் முடிவில் தலையைக் குனிந்துகொண்டு, எல்லோரோடும் சேர்ந்து நானும் ஆமென் சொன்னேன்.