மணல்மேட்டுத் தாழம்புதர்

போன வாரம் மீஞ்சூர் கடைத்தெருவில் ஒருவர் தாழம்பூக் குங்குமத்தைத் திறந்து காட்டியதும், அந்த வாசனை என்னை எண்ணூருக்கு வடக்கே இருந்த மணல்மேட்டுக்கே கொண்டுபோய்விட்டது. எங்கள் வயலுக்கும் கடலுக்கும் நடுவே பனை உயரத்துக்கு நின்ற அந்த மேட்டின் சரிவெல்லாம் தாழம்புதர்தான். ஏறினால் மணல் உள்ளங்காலைச் சுட்டுக்கொண்டே கீழே இழுக்கும், உச்சியில் நின்றால் ஒரு பக்கம் அலைச் சத்தமும் மறுபக்கம் எங்கள் நைனா மடை திறக்கும் சத்தமும் கேட்கும். ஆவணி பிறந்தால் அம்மா முள் கீறிய கைகளோடு பூக் கொண்டுவந்து எங்களுக்கு ஜடை தைப்பாள்.

எழுபதுகளில் ஒரு தொழிற்சாலைக்காக மேட்டை வாங்கினார்கள். அக்கா கல்யாணத்துக்கு முந்தின நாள் நானும் அம்மாவும் பூப் பறிக்கப் போனபோது, புல்டோசர் பாதி மேட்டைச் சரித்திருந்தது.

"தம்பி, கொஞ்சம் நிறுத்துப்பா. நாளைக்குப் பொண்ணுக்குக் கல்யாணம்," என்றாள் அம்மா.

"சீக்கிரம் அறுத்துக்கினு போம்மா. பொழுதுக்குள்ள முடிக்கணும்," என்ற டிரைவர், தானே இறங்கி வந்து துறட்டியால் பூவை இழுத்துக் கொடுத்தார்.

கல்யாணத்தன்று எங்கள் வாசலிலிருந்தே கடல் தெரிந்தது.

"ஊட்லருந்தே கடலப் பாக்கலாம். குடுத்து வெச்சவங்க," என்றார் மாப்பிள்ளையின் தாய்மாமன். நைனா சிரித்து வைத்தார்.

அந்த ஐப்பசிப் புயலில் கடல் வயலுக்குள் வந்துவிட்டது. தண்ணீர் வடிந்தபின் நைனா ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இனிமே நெல்லு வராது," என்றார். மறுவருஷம், மேடு இருந்த இடத்தில் போட்ட கேட்டுக்கு நைனாவே வாட்ச்மேனாகப் போனார்.