வாய் திறக்காத கொலைகாரர்

என் மூன்றாவது நாவலின் கொலைகாரர் வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, வளர்த்தவன் நான். சட்டத்தரணியாக இருந்த காலம் முழுவதும் லண்டன் பொலிஸ் நிலையங்களில், பிடிபட்டவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்லிக்கொடுத்தது ஒன்றைத்தான். எதைக் கேட்டாலும் 'நோ கொமென்ட்' என்று சொல்லுங்கள். தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டதற்கும் நோ கொமென்ட் சொன்ன ஒருவர் என்னிடம் இருந்தார். கடைசிவரை அவருக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை.

வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் நாவல் எழுதப்போகிறேன் என்றபோது நாங்கள் குடியிருக்கும் கோலியர்ஸ் வுட்டில் எங்களைத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு விதமாகக் கவலைப்பட்டார்கள். முதல் புத்தகம் வந்ததும் கவலை போய் உரிமை வந்துவிட்டது. ஞாயிறு பூசை முடிந்து தேவாலயத்துக்கு வெளியே வந்தால், இந்த முறை யாரைக் கொல்லப்போகிறேன் என்று கேட்காமல் ஒருவரும் கைகுலுக்குவதில்லை. பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கும் ஒருவர், இரண்டு புத்தகங்களிலும் தன்னைப் போன்ற ஆள் எவரும் சாகவில்லை என்று உண்மையாகவே மனம் நொந்திருந்தார். என் மனைவி மட்டும் கவலைப்படவும் இல்லை, கேள்வி கேட்கவும் இல்லை. அவளுக்கு மருந்தகத்தில் வேலை. என் நாவல்களில் விஷம் பிழையில்லாமல் வேலை செய்தது அவளுடைய தயவில்தான்.

மூன்றாவது நாவலில் கொலைகாரர் லண்டன் நோர்பரியில் கடை வைத்திருப்பவர். கடை நட்டத்தில் ஓடுவதைப் பங்குதாரர் ஊருக்குச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் அவரைக் கொன்றுவிடுகிறார். கடைசி அத்தியாயத்தில் அவர் அதைச் சொல்லவேண்டும். அவரோ பக்கம் பக்கமாக நோ கொமென்ட் சொன்னார். ஒருமுறை எப்படியோ பேசத் தொடங்கினார். நான் எழுதிய சட்டத்தரணியே குறுக்கே வந்து விசாரணையை நிறுத்திவிட்டார். பதிப்பகத்து எடிட்டர் பொறுமையான வெள்ளைக்காரப் பெண்மணி. அவரே ஒருநாள் தொலைபேசியில், இந்த மனிதர் வாய் திறக்காவிட்டால் புத்தகம் வராது என்று சொல்லிவிட்டார். புத்தகம் வராவிட்டால் என்னுடைய எழுத்துத் தொழில் அதோடு சரி.

அந்த ஞாயிறு மத்தியானம் சமையலறை மேசையில் மனைவி மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, கொலைகாரர் நீங்கள், பொலிஸ் நான் என்றாள். அவள் எங்கள் கோவிலில் பிள்ளைகளை முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு, குருவானவரிடம் முதன்முதலாகப் பாவங்களைச் சொல்வதற்கு, ஆயத்தம் செய்பவள். என்ன பாவம் செய்தாய் என்று கேட்டால் பிள்ளை ஊமையாகிவிடுமாம். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், தங்கச்சியைக் கிள்ளியது தானாக வெளியே வருமாம்.

கொலை நடந்த அன்றைக்குச் சாப்பிட்டீர்களா என்று தொடங்கினாள். நான் பழக்கதோஷத்தில் நோ கொமென்ட் என்றேன். என் முன்னால் சுடச்சுடப் பொரித்து வைத்திருந்த ரோல்ஸ் தட்டை அவள் தன் பக்கம் நகர்த்தினாள். ஆசை காட்டி வாங்கும் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்றேன். இது நீதிமன்றம் இல்லை, குசினி என்றாள்.

வேறு வழியில்லாமல் பதில் சொன்னேன். என்ன சாப்பிட்டேன், எப்படிக் கடையைப் பூட்டினேன், வீட்டில் யார் காத்திருந்தார்கள் என்று சின்னச் சின்னதாகக் கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்தாள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் என்ன சொன்னீர்கள் என்றாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். ஏன் என்றாள்.

"வேலையை விட்ட நாளில இருந்து எனக்குப் பயம்," என்றேன். "எல்லாரும் என்னை நம்பிக்கொண்டிருக்கினம். சரிவராட்டி என்ன செய்யிறது எண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை. மனுசிக்கும் சொல்லேல்லை."

தட்டச்சுச் சத்தம் நின்றது.

"அவருக்கு விடுறதுக்கு எங்கையப்பா வேலை?" என்றாள். "அவர் கடைக்காரர் எல்லோ."

என் இன்ஸ்பெக்டருக்கு இந்தக் கூர்மையில் பாதி இருந்திருந்தால் முதல் நாவல் நூறு பக்கத்தில் முடிந்திருக்கும். என் நாக்கில் அந்தப் பழைய பதில் தயாராக இருந்தது. சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. கூடவே, பாரம் இறங்கியது போலவும் இருந்தது.

"ஓம்," என்றேன். "அது நான்தான்."

அவள் ரோல்ஸ் தட்டைத் திரும்ப என் பக்கம் தள்ளினாள்.

"நானும் அந்த நாளில இருந்து பயந்துகொண்டுதான் இருக்கிறன்," என்றாள். "நீங்கள் பயப்பிடுவியள் எண்டுதான் கேக்கேல்லை."

இத்தனை வருடங்களாக அவளுக்குக் கவலையே இல்லை என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவளும் நோ கொமென்ட்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள், ஒரு சட்டத்தரணியும் சொல்லிக்கொடுக்காமலே. அன்றைக்கு ரோல்ஸ் ஆறிப்போகும்வரை இரண்டு பேரும் பேசினோம்.

அத்தியாயத்தில் நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. 'வேலையை விட்ட நாள்' என்பதைக் 'கடை திறந்த நாள்' என்று மாற்றினேன். அவள் சொன்னதை அப்படியே கடைக்காரரின் மனைவிக்குக் கொடுத்தேன். படித்துவிட்டு எடிட்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். மனைவிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டேன். புத்தகம் வருகிறது என்றார். அந்த மனைவி சொல்லும் வரி எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டார்.

நான் மனைவியைப் பார்த்தேன். அடுப்படியில் நின்றவள் திரும்பாமலே சொன்னாள்:

"நோ கொமென்ட் எண்டு சொல்லுங்கோ."