பெரட்டு என்றோர் ஆங்கிலச் சொல்

ஜாகா என்னும் காவல் வேலைக்குச் சேர்ந்தபோது குமுதவல்லிக்கு ஐம்பத்தைந்து வயது. லாபுவுக்குப் போகிற சாலையில், செம்பனைக் காடுகளைத் தாண்டியதும் வருகிற புதிய தாமான் குடியிருப்பு அது. உள்ளே நானூறு வீடுகள், வாசலில் ஒரு காவல் கூண்டு. முதல்நாள் கம்பெனி வேன் அவளை இறக்கிவிட்டபோது இடம் பிடிபடவில்லை. குன்றைச் சீவித் தரைமட்டமாக்கியிருந்தார்கள். குளத்தை மட்டும் விட்டுவைத்து, சுற்றிலும் கம்பி போட்டு, ஓடுவதற்குப் பாதை போட்டிருந்தார்கள். அந்தக் குளத்தைப் பார்த்ததும்தான் அவளுக்குத் திக்கென்றது. அது ஆறாங்கட்டைத் தோட்டம். அவள் பிறந்து வளர்ந்து, இருபத்தாறு வருஷம் ரப்பர் பால்மரம் சீவிய இடம். நிலம் கைமாறியபோது வெளியேறி, ரஹாங்கில் மகன் வீட்டில் போய் ஒட்டிக்கொண்டவள், சீருடையும் தொப்பியுமாகத் திரும்பி வந்து நின்றாள்.

காலை ஏழு மணிக்கு ஆள் மாறும் நேரம். சூப்பர்வைசர் திருச்செல்வம் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஐந்து ஜாகாக்களையும் கூண்டுக்கு முன்னால் வரிசையாக நிற்கவைத்து, அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தார்.

"பரேட்!"

குமுதவல்லியின் கை தன்னையறியாமல் பக்கத்தில் துழாவியது. பால் வாளியைத் தேடியது அந்தக் கை.

வரிசை கலைந்ததும் அவரிடம் போனாள். "அண்ணே, எங்க தோட்டத்து வார்த்த ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எந்த வார்த்த?"

"பெரட்டு. இப்பச் சொன்னீங்களே."

திருச்செல்வம் வாய்விட்டுச் சிரித்தார். "அது பெரட்டு இல்லம்மா, பரேட். இங்கிலீஷ் லா. பட்டாளத்து வார்த்த. வெள்ளக்காரன் தோட்டத்துக்கும் கொண்டாந்திருப்பான்."

அவளால் அதை ஏற்க முடியவில்லை. பெரட்டு எப்படி இங்கிலீஷாகும்? விடிவதற்கு முன்னால் தண்டவாளத் துண்டில் டணடணவென்று அடிப்பார்கள். பச்சைத்தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு, தலையில் சீலைத்துணியைச் சுற்றிக்கொண்டு, எல்லோரும் ஆபீஸ் முன்னால் வந்து நிற்பார்கள். கணக்கு எழுதும் கிராணி பெயர் கூப்பிடுவார், வேலை வாங்கும் மண்டோர் காட்டைப் பிரித்துக் கொடுப்பார். அதுதான் பெரட்டு. அவளுடைய அம்மா பஞ்சாலை அதற்கு விளக்கமே வைத்திருந்தாள். "தூங்குறவனப் பெரட்டிப் பெரட்டி எழுப்புறதுனாலதான்டி அதுக்குப் பெரட்டுன்னு பேரு." இதைவிடத் தெளிவாக ஒரு சொல்லுக்கு யாரால் பொருள் சொல்ல முடியும்?

ஆனாலும் உறுத்தல் போகவில்லை. யாரிடம் கேட்கலாம் என்று யோசித்தபோது மூன்றாவது சந்தில் குடியிருந்த ஓர் இங்கிலீஷ் டீச்சர் ஞாபகத்துக்கு வந்தார். அவரிடம் போய்க் கேட்பதற்குத்தான் குமுதவல்லிக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

டீச்சரின் பெயர் இசபெல். சிரம்பானில் ஒரு பள்ளியில் முப்பது வருஷம் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தார். அவருக்கு வரும் பார்சல்களைக் கூண்டில் விட்டுப் போவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே குமுதவல்லி ஒரு பார்சலின் மேல் பெயரைப் பார்த்துவிட்டாள். இசபெல் ஹரோல்ட். ஹரோல்ட் கிராணியின் மகள். மேட்டிலிருந்த கிராணி வீட்டுச் சன்னலில், இரட்டைப் பின்னலும் வெள்ளைச் சட்டையுமாக நிற்குமே, அந்தப் பெண். இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஒருநாள்கூடச் சேர்ந்து விளையாடியதில்லை.

இரண்டு வருஷமும் குமுதவல்லி தன்னை இன்னார் என்று காட்டிக்கொள்ளவில்லை. பார்சலைக் கொடுப்பாள், கையெழுத்து வாங்குவாள், அவ்வளவுதான். கடைசியில் ஒரு மழைக்காலையில், பார்சல் வாங்க வந்த டீச்சர் மழை விடக் காத்து நின்றபோது கேட்டேவிட்டாள்.

"டீச்சர், பெரட்டுன்னா இங்கிலீஷாமே, நெசமா?"

இசபெல் சட்டென்று திரும்பினார். "பெரட்டா? இந்த வார்த்தையக் கேட்டு எத்தனை வருஷம் ஆச்சு! நீங்க எந்த எஸ்டேட்?"

குமுதவல்லி கூண்டின் தரையைக் காட்டினாள். "இதான், டீச்சர். பஞ்சாலை மவ நான்."

அந்தப் பெயரைக் கேட்டதும் டீச்சரின் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு, "நாளைக்கு டிக்‌ஷனரி கொண்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, மழை விடுவதற்குள்ளாகவே போய்விட்டார்.

மறுநாள் தலையணை கனத்தில் ஓர் அகராதியோடு வந்தார். குமுதவல்லி பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொன்னார்.

"சொல்லு இங்கிலீஷுக்கே சொந்தம் இல்ல. பிரெஞ்சுக்காரங்ககிட்டேர்ந்து வாங்கியிருக்காங்க. ஸ்பெயின்ல இதே மாதிரி ஒரு சொல்லுக்கு நிக்கிறது, நிறுத்துறதுன்னு அர்த்தம். எல்லாத்துக்கும் அடியில லத்தீன்ல பராரேன்னு ஒண்ணு இருக்கு. அப்படின்னா ஆயத்தம் பண்றது, தயாராகுறது."

"தயாராகுறதா?"

"ஆமா. மோட்டார ரிப்பேர் பண்றதுன்னு சொல்றோமே, அந்த ரிப்பேரும் இதே லத்தீன்லேர்ந்து வந்ததுதான். திரும்பவும் தயார் பண்றது."

"அடியாத்தே! பெரட்டும் ரிப்பேரும் ஒரே குடும்பமா?" குமுதவல்லி தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். "அப்ப எங்கம்மா சொன்னது பொய்யா, டீச்சர்?"

"பொய்னு ஏன் சொல்லணும்? வந்த சொல்ல உங்க அம்மா தன்னோடதா ஆக்கிக்கிட்டாங்க. எல்லா ஊர்லயும் ஜனங்க அப்படித்தான் செய்யறாங்க."

டீச்சர் விரலைக் கீழே நகர்த்தினார். படைகள் அணிவகுத்து நடப்பது. மக்கள் உலாவும் இடம். அதற்கடுத்த வரியில் விரல் நின்றுவிட்டது. குமுதவல்லி காத்திருந்தாள்.

"இன்னொரு அர்த்தம் இருக்கு. ஒருத்தர நாலு பேர் பாக்குற மாதிரி நிறுத்திக் காட்டுறது. அதுக்கும் பரேட்தான்."

டீச்சர் அகராதியை மூடினார். இரண்டு பேருக்கும் ஒரே விடியற்காலைதான் ஞாபகத்துக்கு வந்தது.

அது எழுபத்து நான்காம் வருஷம். குமுதவல்லியின் தம்பி கைக்குழந்தை. இரவெல்லாம் வயிற்றுப்போக்கு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் அந்தக் குழந்தையை வாங்க மறுத்துவிட்டார்கள். பன்னிரண்டு வயது மகளிடம் பிள்ளையைக் கொடுத்து, அவளையும் கூட்டிக்கொண்டு பஞ்சாலை பெரட்டுக்கு ஓடினாள். பெயர் கூப்பிட்டு முடிந்திருந்தது. ஹரோல்ட் கிராணி தலையை நிமிர்த்தாமலே, "அந்த வெளக்குக் கம்பத்துக்கிட்ட நில்லு. எல்லாரும் பாக்கட்டும்" என்றார். முந்நூறு பேர் காட்டுக்குக் கிளம்பிப் போகும்வரை பஞ்சாலை வாளியும் கையுமாக வெளிச்சத்தில் நின்றாள். பிறகு, "இன்னிக்கு ஒனக்கு வேல இல்ல, போ" என்றார் கிராணி. மறுநாள் பஞ்சாலை தண்டவாளம் அடிப்பதற்கு முன்னாலேயே போய் முதல் ஆளாக நின்றாள். வேலையை விடும்வரை அந்த முதல் இடத்தை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

"நான் சன்னல்ல நின்னு பாத்தேன்" என்றார் இசபெல். "உங்கம்மாவ, உங்களை, குழந்தையை, எல்லாத்தையும். அப்பாகிட்ட ஏன்னு கேக்கல. காப்பியக் குடிச்சிட்டு ஸ்கூலுக்குப் போயிட்டேன்."

"ஒங்களுக்கும் அப்பப் பன்னெண்டு வயசுதான, டீச்சர்."

"அதுக்கப்புறமும்தானே கேக்கல. சாகுற வரைக்கும் அவர் என்னோடதான் இருந்தார்."

'பரவாயில்லை' என்ற சொல் குமுதவல்லியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொல்லத் தனக்கு உரிமை இல்லை என்று பட்டது. "எங்கம்மா இருந்தா என்ன சொல்லுமோ எனக்குத் தெரியாது. அது எதையும் மறக்காது" என்றாள். பிறகு, ஃபிளாஸ்கிலிருந்த தேத்தண்ணீரை மூடியில் ஊற்றி டீச்சரிடம் நீட்டினாள். இசபெல் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து பார்சல் வராத நாட்களிலும் டீச்சர் வந்தார். குன்று இருந்த திசை, தொழிலாளர் லயத்து வீடுகளின் வரிசை, கள்ளுக்கடை, கோயில் மரம் என்று எதெது எங்கே இருந்தது என்று இரண்டு பேரும் பேசிப் பேசித் தேடினார்கள். பெரட்டுக்களம் எது என்பதில் மட்டும் சண்டை. குளத்திலிருந்து எண்ணி நடந்து பார்த்து, பிள்ளைகள் விளையாடும் திடல்தான் அது என்று கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

அந்தத் திடலுக்குப் பெயர் வைக்கக் குடியிருப்பாளர் சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடியது. ரோஜா, தங்கம், வானவில் என்று ஆளாளுக்கு மலாயில் ஒரு பெயர் சொன்னார்கள். இசபெல் எழுந்து, பெரட்டுத் திடல் என்று பொருள்பட, "பாடாங் பெரட்டு" என்றார்.

சங்கத் தலைவர் என்சிக் ரோஸ்லான் நெற்றியைச் சுருக்கி, அப்படியென்றால் என்ன என்று மலாயில் கேட்டார். "பெரட்டு? அப்பா மக்சுட்?"

"என்ன அர்த்தம்னு எங்க ஜாகா சொல்வாங்க" என்று டீச்சர் வாசலைக் காட்டினார்.

குமுதவல்லி கூட்டத்துக்கு நடுவே வந்து நின்றாள். எத்தனையோ அர்த்தம் படித்துக் காட்டியிருந்தார் டீச்சர். அவள் அடியிலிருந்த ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

"செடியா, என்சிக்" என்றாள். தயார் என்று பொருள். பிறகு தன் மலாயில் தட்டித் தடுமாறிச் சொன்னாள். இங்கே தோட்டம் இருந்தது. தினமும் விடியுமுன் முந்நூறு பேர் இந்தத் திடலில் நிற்போம். பெயர் கூப்பிட்டால், தயாராக இருக்கிறோம் என்று பதில் சொல்வோம். என் அம்மா முதலில் நிற்பாள்.

முன்வரிசையில் இருந்த ஓர் இளம் சீனப் பெண், இங்கே தோட்டம் இருந்தது தனக்குத் தெரியவே தெரியாது என்றாள். கைகளைத் தூக்கச் சொல்லி எண்ணினார்கள். பெரட்டுக்கு மூன்று கைகள் அதிகமாக இருந்தன.

பலகை வந்தபோது அதன் ரோமன் எழுத்துகளில் ஒரு 't' குறைந்திருந்தது. மலாய்க்காரர்கள் அதை 'பெரத்து' என்று வாசித்தார்கள். இசபெல் கொதித்துப்போய், திருப்பி அனுப்பவேண்டும் என்று தலைவருக்குக் கடிதம் எழுதினார்.

"விடுங்க, டீச்சர்" என்றாள் குமுதவல்லி. "வெள்ளக்காரன் பரேட்டுன்னான், நாம பெரட்டுன்னோம். இவங்க வாய்க்கு எப்படி வருதோ அப்படிச் சொல்லட்டும் லா."

செய்தி எப்படியோ பரவியது. கோலா பிலாவில் குடியேறிவிட்ட பழைய தோட்டத்து ஆள் நல்லசாமி, எண்பது வயதில், பேரன் ஓட்டிய காரில் வந்து இறங்கினார். வருகையாளர் புத்தகத்தில் அவர் பெயரை எழுதி, குமுதவல்லி தடுப்புக்கட்டையைத் தூக்கிவிட்டாள். அவர் பலகையைப் பார்க்கவே இல்லை. திடலின் புல்லில் இரண்டு அடி முன்னால் போனார், ஓர் அடி பின்னால் வந்தார், செருப்பைக் கழற்றினார்.

"இதான் என் எடம்" என்றார். "எனக்கு முன்னால முருகையா, பின்னால சன்னாசி. நீ எங்க நிப்ப புள்ள?"

அவள் காட்டினாள். அதற்குள் டீச்சரும் குடையோடு வந்துவிட்டார். எனக்குத்தான் இங்கே இடமே கிடையாது என்று தயங்கி ஓரத்தில் நின்றார். நல்லசாமி அவரைப் பார்த்துவிட்டு, "வெயில்ல ஏம்மா தனியா நிக்கிற, இப்பிடி வா" என்று கூப்பிட்டார். வெயில் ஏறி, பேரன் இரண்டு முறை ஹார்ன் அடிக்கும்வரை மூன்று பேரும் அங்கேயே நின்று, போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.