நேராக்கப்பட்ட கைப்பிடி

என் குளியலறையில், தலை துவட்டிய துவர்த்தைக் காயப்போட ஒரு எஃகுக் கம்பி இருக்கிறது. முழு நேராக இல்லை. நடுவில் கொஞ்சம் தொய்வு. ஓரிடத்தில் பழைய மினுமினுப்பு, ஓரிடத்தில் தீப்பட்ட நீலம். வீட்டு வேலைக்கு வரும் கொத்தனார்களெல்லாம் இதை மாற்றிவிடட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்பேன். முப்பது வருஷ உத்தியோகத்தில் நான் எழுதிய குறிப்புகளில் எழுதிய அன்றைக்கே நிறைவேறியது ஒன்றே ஒன்றுதான். அதற்குச் சாட்சி இந்தக் கம்பி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், கருங்கல் என்ற ஊருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் வண்டி லைசன்ஸ் குமாஸ்தாவாக இருந்தேன். சைக்கிளுக்கு மணி, விளக்கு, மட்கார்டு இருக்கிறதா என்று பார்த்து, வண்டியில் மாட்ட நம்பர் பொறித்த தகர வில்லை கொடுப்பது என் வேலை. நான் நாஞ்சில் வயற்காட்டுக்காரன். நான் வாயைத் திறந்தால் அந்த ஊர் சிரிக்கும். அவர்கள் பேசினால் எனக்குப் பாட்டுக் கேட்பது போலிருக்கும். ஆகவே அதிகம் பேசிக்கொள்வதில்லை. ஆபீஸ் விட்டு வாடகை வீட்டுக்கு வந்தால் அன்றைக்கு வேறு மனிதக் குரல் கிடையாது.

என்னோடு பேச வந்த ஒரே மனிதர் தர்மாஸ்பத்திரிக் கம்பவுண்டர். தேங்காய்ப்பட்டணத்து முஸ்லிம். கொழும்பில் பத்து வருஷம் இருந்து திரும்பும்போது பந்தய சைக்கிள் ஒன்றைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தவர். இங்கிலாந்தில் செய்த எஃகு வண்டி. தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் நாலு வருஷம் பந்தயம் விட்டு, இடுப்பு முறிந்து படுத்த பிறகு, தமக்குக் கட்டுக்கட்டிய இவரிடம் கொடுத்துவிட்டாராம். ஒரு கையால் தூக்கிவிடலாம். இறக்கத்திலும் பெடல் நிற்காது. சக்கரம் சுற்றும்வரை காலும் சுற்றியாக வேண்டும். கைப்பிடி செம்மறிக்கடாவின் கொம்பு போலக் கீழே சுருண்டிருக்கும். அதைப் பிடித்து முதுகைக் கவிழ்த்துக்கொண்டு அவர் போகும்போது சந்தை முக்கில் மீன் விற்கும் கிழவி விடமாட்டாள்.

“கம்பவுண்டரே, தரையில என்னத்தத் தேடுதீரு?”

“போன வருசம் நீ தொலைச்ச பல்லத்தான்!”

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அருமனை வழியாகத் திற்பரப்புக்குச் சைக்கிளை விடுவார். அருவியில் குளித்துவிட்டு ஒன்பது மணிக்கு என் வாசலில் நிற்பார். வந்ததும் தோளில் கிடக்கும் துவர்த்தை என் கையில் தந்து, “தொட்டுப் பாரும் ஓய், ஈரம் போச்சா?” என்பார். போயிருக்காது. அதுதான் அவருடைய கடிகாரம். ஈரத் துவர்த்தை என் ஜன்னலில் விரித்துவிட்டு, அது காயும்வரை பேசிக்கொண்டிருப்பார். வாரத்தில் எனக்கு வாய்த்த பேச்சு அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு, திருவனந்தபுரத்தில் பந்தயம் வைக்கிறார்கள் என்றார். கொழும்பிலிருந்து பழைய கூட்டாளிகள் வருகிறார்கள். ஜெயித்தால் அவர்களோடே கப்பலேறிவிடுவாராம். “இங்க எனக்கு ஆரு இருக்கா ஓய்?” என்று கேட்டார். கேட்டது என்னிடம்தான். பந்தயத்தில் சேர நம்பர் வில்லை வேண்டும். அதைக் கொடுப்பவனும் நான்தான்.

பந்தயத்துக்கு மூன்று நாள் முன்பு, மணியும் விளக்கும் மட்கார்டும் மாட்டி வண்டியைக் காலையிலேயே ஆபீஸில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். சட்டப்படி ஒரு குறையும் இல்லை. ஆனால் விண்ணப்பப் பாரத்தில் ‘பழுது’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எழுதினேன்: “கைப்பிடி இருபுறமும் வளைந்துள்ளது. நேராக்கிய பின் வில்லை வழங்கலாம்.” அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அந்த ஊரில் அவருக்கு அடுத்தபடி தெரிந்தவன் நான். குறிப்பு மேஜை மேஜையாகப் போய்த் திரும்ப ஒரு வாரம் ஆகும், அதற்குள் பந்தயம் முடிந்துவிடும் என்பது என் கணக்கு. நடைமுறை தெரிந்தவனின் கணக்கு.

மேலதிகாரி படிக்காமல் கையெழுத்திட்டார். அது வழக்கம். கூடவே “உடனே” என்று ஒரு சொல் சேர்த்தார். அது வழக்கமில்லை. ஒரு தபாலைக் கொண்டுபோக இரண்டு நாள் எடுக்கும் சேவகர், நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், வண்டியைக் கொல்லன் பட்டறைக்கு உருட்டிக்கொண்டு போய்விட்டார். கலப்பைக் கொழு அடிக்கும் கொல்லன். கைப்பிடியைக் கழற்றி, உலையில் வைத்துப் பழுக்கக் காய்ச்சி, தன்னால் ஆனமட்டும் நேராக அடித்துத் திரும்ப மாட்டியும் கொடுத்திருந்தான். சாயங்காலம் சேவகர் பெருமையோடு கொண்டுவந்து நிறுத்தினார். வள்ளத்துக்குக் குறுக்கே துடுப்பு வைத்தது போலிருந்தது.

கம்பவுண்டர் வந்தார். கம்பியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவினார். சேவகர் நீட்டிய சீட்டை வாசித்தார். என் கையெழுத்து அவருக்குத் தெரியும். ஏசுவார் என்று நின்றேன்.

“உமக்குத் தெரியுமே ஓய்” என்றார். அவ்வளவுதான்.

 கையிலிருந்த வில்லையை நீட்டினேன். இப்போது வண்டி சட்டப்படி சரியாக இருந்ததல்லவா? அவர் வாங்கவில்லை.

அந்த ஞாயிறு ஒன்பது மணிக்கு வாசலில் நின்றேன். அடுத்த ஞாயிறும். மாத முடிவில் அவர் வடக்கே எங்கோ மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். வண்டியைப் பிரித்து விற்றுவிட்டதாகச் சொன்னார்கள். யாரும் வாங்காத கைப்பிடி அந்தக் கொல்லன் பட்டறைக் குப்பையில் கிடந்தது. எடுத்துவந்தேன்.

இன்றும் ஞாயிற்றுக்கிழமை. குளித்துவிட்டுத் துவர்த்தைக் கம்பியில் போட்டேன். எந்த ஓரத்தில் போட்டாலும் வழுக்கி நடுத்தொய்வுக்கு வந்துவிடும். ஒன்பது மணிக்குத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாகத்தான் இருந்தது.