முன்மொழிந்தவர் வாபஸ்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. பேப்பரை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தேன். மாடி வீட்டு நண்பர் ஒரு படிவத்தோடு வந்தார். எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குத் தேர்தலாம். செயலாளர் பதவிக்கு நிற்கிறாராம்.

"நீங்கதானுங்க முன்மொழியோணும். சும்மா ஒரு கையெழுத்துதானுங்க."

சும்மா ஒரு கையெழுத்து! பேனாவைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ... அவர் முகம் மாறுவதற்குள் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவர் படியேறிப் போனதும் மனைவி கேட்டாள்.

"என்ன, சொத்தையா எழுதிக் கேட்டாரு?"

இல்லை. ஆனால் நான் ஏற்கெனவே ஒருமுறை ஒருவரை முன்மொழிந்தவன். அந்தக் கதையை அவளுக்கும் சொன்னதில்லை, உங்களுக்கும் சொன்னதில்லை. இத்தனை வாரமாக இந்தப் பத்தியில் என்னென்னவோ எழுதித் தள்ளியிருக்கிறேன். இதை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் கோவையில், பல்கலைக்கழக விடுதியில் தங்கி எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். ஊர் பொள்ளாச்சிப் பக்கம். பஸ் ஏறினால் ஒரு சினிமா பார்க்கும் நேரத்தில் வீட்டில் இருப்பேன். அதனால் சனிக்கிழமை மதியம் ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். விடுதியில் பெரும்பாலோர் அப்படித்தான். ஆளில்லாத விடுதிக்கு எதற்குச் சமையல்? மெஸ்ஸையும் சனி மதியத்தோடு மூடிவிடுவார்கள். திங்கள் காலைதான் திறக்கும்.

என் அறைத் தோழன் டேனியல் மட்டும் எங்கும் போகமாட்டான். அவன் வால்பாறைக்காரன். அப்பா அம்மா இரண்டு பேரும் தேயிலை எஸ்டேட்டில் வேலை. கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, தொழிலாளர் லயன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் திரும்பிவரும் நேரம் வந்துவிடும். பண்டிகைக்குப் பண்டிகைதான் ஊர். மற்ற வாரங்களில் அவனும், அவனைப் போல இருபது முப்பது பேரும் வெளியே பேக்கரியில் டீயும் பன்னும் சாப்பிட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையை ஓட்டுவார்கள்.

ஒன்றரை வருடம் ஒரே அறையில் இருந்தும் இது எனக்குத் தெரியாது. நம்புவீர்களா? நான்தான் ஞாயிற்றுக்கிழமை அங்கே இருப்பதே இல்லையே!

அந்த வருடம் விடுதி மாணவர் பிரதிநிதி தேர்தலில் நிற்கப்போவதாக டேனியல் சொன்னான். ஒரே ஒரு கோரிக்கை. ஸ்கெட்ச் பேனாவால் அவனே எழுதி ஒட்டிய நோட்டீசில் ஒரே ஒரு வரி.

'ஞாயிற்றுக்கிழமையும் பசிக்கும்.'

வேட்பாளரை அவருடைய துறை மாணவர் ஒருவர் முன்மொழிய வேண்டும். நானும் அவனும் ஒரே துறை, மொத்தம் பதினெட்டுப் பேர். "நீ போடறியா?" என்று கேட்டான். போட்டேன். யோசிக்கவே இல்லை. போட்டது மட்டுமா... அந்தப் பெருமையை இன்லேண்ட் லெட்டரில் அக்காவுக்கும் எழுதினேன். 'கதிர்வேலை எதிர்த்து நிற்கும் என் நண்பனுக்கு நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்' என்று.

கதிர்வேல் யார் என்று சொல்லவேண்டும். எங்கள் வகுப்புதான். கொப்பரை மண்டிக்காரர் மகன். வாராவாரம் பைக்கில் ஊருக்குப் போய் வருபவர். நல்ல மாதிரி. எல்லோரிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். அவரை எதிர்த்து யாரும் நிற்கமாட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். இன்னொரு விஷயம் — அக்காவுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை, கதிர்வேலின் பெரியப்பா மகன்.

செவ்வாய்க்கிழமை மதியம் விடுதிக்கு என்னைத் தேடி மாமா வந்துவிட்டார். அம்மாவின் தம்பி. உக்கடத்தில் பஸ் மாறி, வெயிலில் நடந்து, கையில் ஒரு பை முறுக்கோடு.

"நல்லா இருக்கயா கண்ணு? மேலுக்கு ஒண்ணும் இல்லையே?"

"நல்லாருக்கேன் மாமா. என்ன திடீர்னு?"

"சும்மாதான் வந்தேன். அக்காளுக்கு நீ போட்ட லெட்டரைப் பாத்தேன். வெள்ளிக்கிழமை நிச்சயம். மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க காதுல இது உளுந்தா என்னன்னு நெனைப்பாங்க?"

"காலேஜ் எலெக்‌ஷன் மாமா. அதுக்கும் இதுக்கும் என்ன?"

"ஒண்ணுமில்லீங்கண்ணு. அந்தப் பையன் ஆரு, என்னன்னெல்லாம் நான் கேக்கமாட்டேன். நிக்கட்டும். நல்லா நிக்கட்டும். அதுக்கு நம்ம கையெழுத்து எதுக்குங்கறேன்?"

'நம்ம' என்ற அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் இருந்தது. அவர் கேட்கமாட்டேன் என்று சொன்னதும் அதில்தான் இருந்தது. குரலை உயர்த்தவில்லை. திட்டவில்லை. போகும்போது தலையைத் தடவிவிட்டு, "முறுக்கைத் தொறந்து போட்டுறாத கண்ணு, நமுத்துப்போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மிரட்டியிருந்தால் எதிர்த்திருப்பேன் என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம். எங்கள் ஊரில் யாரும் மிரட்டுவதில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் பேசுவார்கள். அதற்கு என்ன பதில் இருக்கிறது?

மறுநாள் புதன்கிழமை. நான்கு மணியோடு வேட்புமனு விஷயமெல்லாம் முடிகிறது. மூன்று மணிக்குத் தேர்தல் அதிகாரியாக இருந்த பேராசிரியர் அறைக்குப் போய்க் கடிதம் கொடுத்தேன். 'தனிப்பட்ட காரணங்களால் எனது முன்மொழிவைத் திரும்பப் பெறுகிறேன்.'

நீட்டிவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"உட்காருங்க. வேட்பாளரைக் கூப்பிட்டுச் சொல்லணும். நீங்களும் இருக்கணும்."

டேனியல் வந்தான். கடிதத்தைப் படித்தான். என்னைப் பார்த்தான். ஏன் என்று கேட்பான், என்ன சொல்லலாம் என்று நான் வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்துகொண்டிருந்தேன். அவன் கேட்கவில்லை. பேராசிரியரிடம் திரும்பி, "வேற ஆள் போட்டா செல்லுங்களா சார்?" என்றான்.

"நாலு மணிக்குள்ள போட்டா செல்லும்."

வெளியே வராந்தாவில் எங்கள் வகுப்பே நின்றுகொண்டிருந்தது. விஷயம் அதற்குள் பரவி, போட்டியின்றித் தேர்வாகப்போகிற கதிர்வேலுக்குப் போட மாலைகூட வந்துவிட்டது. டேனியல் ஒவ்வொருவரிடமும் போனான். திறந்திருந்த கதவு வழியாக எனக்கு எல்லாம் கேட்டது.

"உங்களுக்கு இல்லாததுங்களா டேனியல்? எங்கப்பாவ ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு..."

"நேத்தே சொல்லியிருந்தா முதல் ஆளா போட்டிருப்பனுங்க."

"பேனா இல்லீங்களே..."

ஒருவர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒருவர்கூடப் போடவும் இல்லை. பேராசிரியர் மேஜையில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றே முக்கால்.

அப்போது கதிர்வேல் உள்ளே வந்தார்.

"சார், நான் போடலாமுங்களா?"

"எதை?"

"டேனியலுக்குக் கையெழுத்துங்க. நானும் இதே துறைதானுங்களே."

பேராசிரியர் விதிமுறைப் புத்தகத்தை எடுத்தார். முன்னுக்கும் பின்னுக்கும் புரட்டினார். ஒரு வேட்பாளர் இன்னொரு வேட்பாளரை முன்மொழியக் கூடாது என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எழுதியவர்கள் இப்படி ஓர் ஆள் வருவார் என்று நினைத்திருக்கமாட்டார்கள்.

"யோசிச்சுத்தான் செய்யறீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க சார். போட்டியே இல்லாம ஜெயிச்சா ஊர்ல போய் என்னன்னு சொல்றதுங்க?"

போட்டுவிட்டு, வாசலுக்கு வந்துவிட்டிருந்த டேனியலைப் பார்த்துத் திரும்பினார். "ஞாயித்துக்கிழமை மெஸ் இல்லைங்கறதே உங்க நோட்டீசைப் பாத்துத்தானுங்க எனக்குத் தெரியும். அதுக்காக ஓட்டெல்லாம் உங்களுக்குப் போடமாட்டனுங்க. அது எனக்குத்தான்."

டேனியல் சிரித்தேவிட்டான். கதிர்வேலும் சிரித்தார். பேராசிரியரும் சிரித்தார். நான் அந்த அறையில் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலம் அறையில் டேனியல் என்னிடம் பேசிய ஒரே வாக்கியம், "சோப்பு தீந்துபோச்சு, உன்னுது எடுத்துக்கட்டுமா?" என்பதுதான். சண்டை போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை நிச்சயத்துக்குப் போனேன். மாப்பிள்ளை வீட்டாரோடு கதிர்வேலும் வந்திருந்தார். பந்தியில் என் பக்கத்து இலை. தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"எலெக்‌ஷன் விஷயமா உங்க ஊட்ல ஏதாச்சும் பேசிக்கிட்டாங்களா?"

"எங்கூட்லயா?" அவருக்கு அப்பளம் தொண்டையில் சிக்கியது. "மெதுவாப் பேசுங்க! நான் நிக்கறதே எங்கப்பாவுக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா, படிக்கப் போனயா கட்சி நடத்தப் போனயான்னு தொலைச்சுப்போடுவாரு."

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். மாப்பிள்ளை வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் யாரும் கவலைப்பட்டிருக்கப் போவதில்லை. என் லெட்டரைப் படித்துப் பயந்தவர் மாமா ஒருவர்தான். அவர் பயத்தை முறுக்கோடு சேர்த்து வாங்கி வைத்துக்கொண்டவன் நான் ஒருவன்தான்.

பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்த அக்கா, ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கூப்பிட்டாள்.

"உன்ர சிநேகிதன் என்னானான்? ஜெயிச்சுட்டானா?"

"திங்கக்கிழமைதான் ஓட்டு." பிறகு நடந்ததைச் சொன்னேன். "உனக்காகத்தான்க்கா வாபஸ் வாங்கினேன்."

அக்கா நிமிர்ந்து கேட்டாள்.

"நான் உன்னையக் கேட்டனா?"

அவ்வளவுதான் சொன்னாள். யாரோ வந்துவிட்டார்கள். முகத்தைச் சிரிப்பாக மாற்றிக்கொண்டாள்.

நாம் பயந்து செய்கிற காரியங்களுக்கெல்லாம் ஒரு பெயர் வைத்துவிடுகிறோம். குடும்பத்துக்காக, அக்காவுக்காக, குழந்தைகளுக்காக... அந்தப் பெயருக்கு உரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? கேட்கமாட்டோம். கேட்டால், 'வேண்டாம், நீ கையெழுத்துப் போடு' என்று சொல்லிவிடுவார்களே!

திங்கட்கிழமை ஓட்டு. டேனியல் ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தான். வாங்கி வைத்த மாலை வாடிப்போயிருந்தது. கதிர்வேல் புதிதாக ஒன்று வாங்கிவந்து அவனுக்குப் போட்டார். "என்ர கையெழுத்துல ஜெயிச்ச ஆளுங்க இவரு" என்று வருடம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். தோற்றவருக்கு அத்தனை பெருமையை நான் பார்த்ததில்லை.

டேனியல் வார்டனிடம் ஒரு மாதம் நடந்தான். ஞாயிற்றுக்கிழமையும் மெஸ் திறந்தது. காலை, மதியம், ராத்திரி மூன்று வேளையும் உப்புமா. சமையல்காரர் ஒரே ஒருவர்தான் ஞாயிறு வேலைக்கு ஒப்புக்கொண்டார், அவருக்கு வந்தது அதுதான். யாருக்காகப் போராடினானோ அந்த முப்பது பேரும் தட்டைப் பார்த்துவிட்டு டேனியலைத் திட்டினார்கள். அவன் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு மறுபடி வார்டன் அறைக்கு நடந்தான். அடுத்த மாதம் மதியத்துக்குச் சாம்பார் சாதம் வந்தது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போகாமல் விடுதியிலேயே இருந்தேன். அவன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ரொம்ப நாளாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"டேனியல், நான் வாபஸ் வாங்கினது தப்புதான். ஆனா என் ஓட்டு உனக்குத்தான் போட்டேன். சத்தியமா."

அவன் நிமிர்ந்து பார்த்தான். கோபமெல்லாம் இல்லை.

"தெரியும்ப்பா. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. சொன்னவங்க கணக்கையெல்லாம் கூட்டிப் பாத்தா கதிர்வேலுக்கு ஒரே ஒரு ஓட்டுதான் விழுந்திருக்கணும்."

சொல்லிவிட்டு ஊறுகாயை என் பக்கம் தள்ளினான்.

நான் போட்டது உண்மை. அதை யாரிடம் போய் நிரூபிப்பது? ரகசிய ஓட்டுமுறையைக் கண்டுபிடித்த மகானுபாவர், நிச்சயம் என்னைப் போன்ற ஓர் ஆளைப் பார்த்துவிட்டுத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும்!